ஆளைக் கண்டால் பாயும் சேவல்: வெட்டவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை

வளவுக்காரி (இணுவில்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வளவில் 9 பேடுகளும் 2 சேவல்களும் நிற்கின்றன. மூத்த சேவலுக்கு இப்போது 11 மாதம். மூன்று மாதங்களுக்கு முன்பு அது முதன்முறையாக அம்மாவின் காலில் கொத்தியபோது, தீன் போடப் பிந்திவிட்ட கோபம் என்று சொல்லிச் சிரித்துவிட்டோம். இன்று அந்தச் சிரிப்பு இல்லை. கிணற்றடிக்குப் போகிறவர், கொடியில் உடுப்புப் போடுகிறவர், படலையைத் திறந்துகொண்டு வரும் தபாற்காரர் என்று எவரையும் அது விட்டுவைப்பதில்லை. கடந்த செவ்வாய்க்கிழமை, 71 வயதான அம்மா முட்டை எடுப்பதற்காகக் கூட்டுக்குள் குனிந்த வேளையில் பின்னாலிருந்து பாய்ந்து, கணுக்காலுக்குச் சற்று மேலே தன் கால் முள்ளால் இரண்டு இடங்களில் குத்திவிட்டது.

இதன் கதையையும் சொல்லவேண்டும். தாய்க்கோழியையும் மற்றக் குஞ்சுகளையும் கீரி கொண்டுபோன பின்பு எஞ்சிய ஒற்றைக் குஞ்சு இது. என்னுடைய 9 வயது மகன் அதை மட்டைப்பெட்டியில் வைத்து, மேலே மின்குமிழை எரியவிட்டு, குறுணலை உள்ளங்கையில் வைத்துத் தீற்றி வளர்த்தான். பள்ளிக்கூடத்தால் அவன் வந்ததும் ஓடிப்போய்த் தோளில் ஏறிக்கொள்ளும். அவனை மட்டும் இன்றுவரை அது தொட்டதில்லை.

வெட்டிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மகனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அம்மா இந்தச் சேவலை முருகனுக்கென்று நேர்ந்துவிட்டார். குத்து வாங்கியவரும் அவர்தான், "அது அவருடைய வாகனம், நாங்கள் தொடக்கூடாது" என்று மறிக்கிறவரும் அவர்தான். மயிலே வாகனம், சேவல் கொடியில் இருப்பது என்று மகன் திருத்தியதற்கு அவனுக்கும் பேச்சு விழுந்தது. இதைத் திருத்த முடியுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பனங்கிழங்கு (நல்லூர்):

நேர்த்தி இல்லாத சேவலாக இருந்தால் என் மறுமொழி ஒரே சொல்லில் முடிந்திருக்கும்: சட்டி. அதற்கும் இப்போது முடியாது. நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது, அது நடக்கும் 25 நாளும் உங்கள் வீட்டு அடுப்பில் மச்சம் ஏறாது என்று நினைக்கிறேன். சேவலுக்கு நல்ல காலம்.

ஏழாலைக் கிழவன்:

தங்கச்சி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊர்க்கோழி வளர்க்கிறேன். உங்கள் கடிதத்தின் இரண்டாம் பந்தியிலேயே உங்கள் கேள்விக்குரிய விடை இருக்கிறது. அந்தச் சேவல் உங்களை மனிதர் என்று எண்ணவில்லை. தன் கூட்டத்தில் நிற்கும் பெரிய கோழிகள் என்று எண்ணுகிறது. தாயின் சிறகுக்குள் வளர்கிற குஞ்சு, ஆள் வந்தால் விலகவேண்டும் என்பதைத் தாய் ஒதுங்குவதைப் பார்த்தே பழகிக்கொள்கிறது. மட்டைப்பெட்டியில் மனிதக் கையைத் தாயாகக் கொண்டு வளர்ந்த குஞ்சுக்கு அந்த விலகல் தெரியாது. பேடாக இருந்தால் அதனால் தீங்கில்லை. மடியில் வந்து படுக்கும், அவ்வளவுதான். சேவலோ நாலைந்து மாதத்தில் கூவத் தொடங்கி, வளவில் யார் பெரியவன் என்ற கணக்கைப் பார்க்க ஆரம்பிக்கும்போது அந்தக் கணக்குக்குள் உங்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரு வயது நிறையும்வரை இந்தக் கொதிப்பு மிகுதியாகவே இருக்கும்.

இதற்கு மாறான ஒன்றையும் நான் கண்டிருக்கிறேன். 1995 ஒக்டோபர் 30 அன்று போரினால் வலிகாமத்தை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது கூட்டைத் திறந்துவிட்டுத்தான் போனோம். அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின்னர் திரும்பி வந்து பார்க்கையில், வளவில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. மூன்று பேடுகளும் ஒரு சேவலும் மாமரத்தின் உச்சிக் கொப்பில் இருந்தன. ஆறு மாதமாக மனித முகத்தையே காணாத அந்தச் சேவல் நாங்கள் அருகே போனாலே பறந்துவிடும். ஒரு நாளும் எங்கள் மீது பாய்ந்ததில்லை. பாய்கிற சேவல்களுள் பெரும்பாலானவை செல்லமாக வளர்ந்தவை என்பதே என் அனுபவம்.

இனி, நீங்கள் செய்யவேண்டியது. அது பாய்வதற்கு முன் கட்டாயம் அறிவிக்கும். முதலில் பக்கவாட்டாகத் திரும்பி ஒற்றைக் கண்ணால் பார்க்கும். நிலத்தில் தீன் இல்லாத இடத்தில் சும்மா கொத்துவதுபோலக் கொத்தும். பின்பு ஒரு சிறகைத் தாழ்த்தி உங்களைச் சுற்றி அரை வட்டம் வரும். பேட்டின் முன்னால் ஆடும் அதே ஆட்டத்தையே எதிரியின் முன்னாலும் அது ஆடும். கழுத்து மயிர் குடைபோல விரிந்துவிட்டால் அடுத்தது பாய்ச்சல்தான். அந்த நேரத்தில் முதுகைக் காட்டி ஓடவேண்டாம். ஓடினால் தான் வென்றுவிட்டதாக அது எண்ணிக்கொள்ளும். உதைக்கவும் வேண்டாம், உதைத்தால், நீங்களும் சண்டைக்கு வந்துவிட்டீர்கள் என்பதை அதற்கு உறுதிப்படுத்தியவர்களாவீர்கள். தும்புத்தடியை உங்களுக்கும் அதற்கும் நடுவே நிலத்தோடு பிடித்துக்கொண்டு, அடிக்காமல், அவசரப்படாமல் அதை நோக்கி நடவுங்கள். அது வேறு பக்கம் திரும்பித் தன் பாட்டில் மேயத் தொடங்கிய பின்பே நீங்கள் உங்கள் வேலைக்குப் போகவேண்டும். வீட்டிலுள்ள அனைவரும் நாள்தோறும் இதையே செய்யவேண்டும். ஒருவர் நின்று மற்றவர் ஓடினால் பயனில்லை.

ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் (சாவகச்சேரி):

சேவலைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு அம்மாவின் காலைப் பற்றிப் பேசுவோம். முள் குத்திய காயம் மேலே சிறு துளையாகவே தெரியும். ஆழம் கண்ணுக்குத் தெரியாது. கோழி எச்சமும் மண்ணும் கலந்த இடத்தில் நடமாடும் முள் என்பதால், ஏற்புவலிக் (டெட்டனஸ்) கிருமி உட்செல்ல அதைவிட வசதியான வழி வேண்டியதில்லை. காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவவேண்டும். கடைசியாக எப்போது ஏற்பு ஊசி போட்டார் என்பது நினைவில் இல்லையென்றால் இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மஞ்சளை அப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

அவருக்குக் காலில் நரம்பு புடைத்துச் சுருண்டிருக்கும் வருத்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அவுஸ்திரேலியாவில் முட்டை எடுக்கச் சென்ற 76 வயதுப் பெண் ஒருவரின் காலில் சேவல் கொத்தியபோது, அவ்வாறு புடைத்திருந்த நாளம் கிழிந்து, இரத்தப்போக்கினால் அவர் உயிரிழந்தார். 2019 இல் தடயவியல் மருத்துவ இதழொன்றில் அது வெளிவந்தது. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. கோழிதானே என்று முதியவர்கள் இருக்கும் வீட்டில் அலட்சியமாக இருக்கக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

மகனை அது தொடவில்லை என்பதிலும் எனக்கு நிம்மதி இல்லை. தோளில் ஏறும் பறவையின் அலகு குழந்தையின் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. இன்றோடு தோளில் ஏற்றுவதை நிறுத்துங்கள்.

முள்ளைப் பற்றியும் ஒரு சொல். முள்ளின் வெளிப்பகுதி நகம் போன்ற உறை. உள்ளே எலும்பும் இரத்தக் குழாய்களும் இருக்கின்றன. ஆகவே அடியோடு வெட்டுவது விரலை வெட்டுவதற்கு ஒப்பாகும். இரவில், பறவை அமைதியாக இருக்கும் நேரத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் கூரான நுனியை மட்டும் அரத்தால் தேய்த்து மழுக்கலாம். சூடான உருளைக்கிழங்கை முள்ளில் குத்தி வைத்துவிட்டு உறையைத் திருகிக் கழற்றும் முறையொன்று இணையத்தில் உலாவுகிறது. உள்ளே இருக்கும் பச்சை எலும்பு வெளியே தெரியும். பறவைக்குக் கடும் வேதனை. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முள்ளை மழுக்குவதால் காயம் குறையுமே தவிரக் குணம் மாறாது.

கதியால் (மானிப்பாய்):

ஐயா, நாம்பனுக்கு நலமடிப்பதுபோலச் சேவலுக்கும் செய்துவிட்டால் அடங்காதா?

ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் (சாவகச்சேரி):

அடங்கும், ஆனால் சேவலின் விதைகள் வெளியே இல்லை, வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டிச் சிறுநீரகங்களுக்கு அருகே இருக்கின்றன. விலா எலும்புகளுக்கு இடையே கீறித்தான் எடுக்கவேண்டும். அதையும் இளங்குஞ்சாக இருக்கும்போதே செய்வார்கள். 11 மாதச் சேவலுக்கு வளவில் வைத்துச் செய்கிற காரியமன்று.

முற்றத்துப் பேடு (மீசாலை):

ஏழாலை ஐயா சொன்னவற்றோடு எனக்கு ஒரு சிறு கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு செங்கருப்புச் சேவல் நின்றது. நான் அதை ஒவ்வொரு நாளும் மாலையில் பிடித்துக் கக்கத்தில் இறுக்கி, இரண்டு சிறகும் அசையாதபடி வைத்துக்கொண்டு, பேடுகளின் நடுவே கால் மணி நேரம் நடப்பேன். தலையை நிமிர்த்தினால் விரலால் மெதுவாகத் தாழ்த்துவேன். முதல் வாரம் திமிறியது. மூன்றாம் வாரத்தில் என்னைக் கண்டதும் விலகி நடந்தது. பேடுகளின் கண்முன்னே வெட்கப்பட்டுப்போயிற்று என்று என் கணவர் சொல்வார். கோழிக்கு இருட்டில் கண் நன்றாகத் தெரியாது என்பதால், முதல் சில நாட்கள் பொழுதுபட்ட பின்பு கொப்பிலிருந்து எடுப்பது இலகு.

ஏழாலைக் கிழவன்:

பிள்ளை, உங்கள் சேவல் தாயோடு வளர்ந்ததா, கையில் வளர்ந்ததா?

முற்றத்துப் பேடு (மீசாலை):

தாயோடுதான். பெரிதான பின்பு கொடிகாமம் சந்தையில் வாங்கினோம்.

ஏழாலைக் கிழவன்:

அப்படியானால் இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். மனிதக் கை பட்டறியாத சேவலைப் பிடித்து அடக்கி நடந்தால் அது அதற்குத் தோல்வி. இணுவில் தங்கச்சியின் சேவலுக்குக் கக்கம் என்பது தொட்டில். அது பாய்ந்தவுடன் நீங்கள் தூக்கிக்கொண்டு நடந்தால், பாய்ந்ததற்குப் பரிசு கிடைத்தது என்றுதான் அது கொள்ளும். ஆகவே இந்தச் சேவலைப் பொறுத்தவரை தூக்காதிருப்பதே மருந்து. கையால் தீன் கொடுப்பதையும் நிறுத்திவிட்டு, தட்டில் போட்டுவிட்டு அப்பால் செல்லுங்கள். மகனுக்கு இது கடினமாக இருக்கும் என்பது தெரியும்.

வளவுக்காரி (இணுவில்):

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு ஏற்பு ஊசி போட்டாயிற்று. தும்புத்தடி முறையை ஆறு நாட்களாகச் செய்கிறோம். என்னிடம் அது இப்போது விலகிப் போகிறது. அம்மாவிடம் மாற்றமில்லை, அவர் தும்புத்தடியைப் பிடித்தாலும் பின்னுக்கு நடக்கிறார், சேவல் முன்னுக்கு வருகிறது.

மூன்று கேள்விகள். பக்கத்து வீட்டு அன்ரி, அம்மா சிவப்புச் சேலை உடுப்பதால்தான் என்கிறார். அதில் உண்மை உண்டா? இரண்டாவது, ஒரு பேடு 11 முட்டைகளில் அடைகிடக்கிறது. மூத்த சேவல்தான் எப்போதும் மிதிக்கிறது என்பதால் அவை அனேகமாக இதன் வித்தே. அவையும் இப்படித்தான் வருமா? மூன்றாவது, கோப்பாயில் ஒருவர் "நல்ல வீரமான சேவல், சண்டைக்குப் பழக்கலாம், தாருங்கள்" என்று கேட்கிறார். எங்கள் உறவினர் ஒருவரோ, நேர்த்திதானே, கோயில் வீதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள் என்கிறார்.

ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் (சாவகச்சேரி):

கோழிகளுக்கு நிறம் நன்றாகவே தெரியும். ஏதாவதொரு குறிப்பிட்ட வாளியையோ சப்பாத்தையோ எதிரியாக மனத்தில் வைத்துக்கொள்ளும் சேவல்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் உங்கள் சேவல் காக்கி உடுத்த தபாற்காரர் மீதும் பாய்கிறதே! சேலையை விட்டுவிடுங்கள்.

முட்டைகளைப் பொறுத்தவரை, மூர்க்கம் ஓரளவு வித்தோடு வரும் என்பதால்தான் வளர்ப்பாளர்கள் பாய்கிற சேவலிடமிருந்து குஞ்சு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள். அதற்காக அடைகிடக்கும் பேட்டை எழுப்பவேண்டாம். 21 நாளில் பொரித்ததும் தாயோடு விடுங்கள்; மகன் தீற்றவேண்டாம். சேவற்குஞ்சுகள் நாலைந்து மாதமானதும் அவற்றின் போக்கைக் கவனித்து, எது ஆளுக்கு விலகி நடக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். மூத்த சேவலை விலக்கினாலும் அதன் விந்து பேட்டின் உடலில் இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடு தங்கியிருக்கும். எனவே மற்றச் சேவலின் குஞ்சுதான் வேண்டுமென்றால் ஒரு மாதம் கழித்து அடை வையுங்கள்.

கோப்பாய்க்காரருக்குக் கொடுக்கவேண்டாம். காலில் கத்தி கட்டி ஒன்றையொன்று கிழிக்க விடுவதற்கு ஒரு குழந்தை கையில் தீற்றி வளர்த்த பறவையை அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை.

பனங்கிழங்கு (நல்லூர்):

கோயில் வீதி யோசனையும் எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் கேலியாக எழுதியவன் நான். இதைக் கேலியாக எழுதவில்லை. உங்கள் அம்மாவைக் குத்திய சேவல், வீதியில் பிரதட்டை அடிக்கிறவர்களையும் கச்சான் வாங்க நிற்கும் பிள்ளைகளையும் குத்தாது என்று யார் பொறுப்பு? தன் வீட்டில் வைத்திருக்க முடியாததைச் சாமியின் பெயரால் ஊரார் தலையில் கட்டுவது நேர்த்தி ஆகாது. கோயில் ஐயரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, வேறு வகையில் நேர்த்தியைத் தீர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

முற்றத்துப் பேடு (மீசாலை):

நான் இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். 9 பேட்டுக்கு 2 சேவல் கூடிப்போயிற்று. எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒன்று போதும். உங்கள் பேடுகளின் முதுகைப் பாருங்கள். இறகு உதிர்ந்து தோல் தெரிந்தால் மிதி மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். முட்டை மட்டும் வேண்டுமென்றால் சேவலே தேவையில்லை, பேடு தன் பாட்டில் இடும். ஆனால் சேவலே இல்லாத வளவையும் நான் விரும்பமாட்டேன். எங்கள் பக்கம் பிராந்து அதிகம். வானத்தில் பிராந்தைக் கண்டால் ஒரு சத்தம், நிலத்தில் கீரியைக் கண்டால் வேறொரு சத்தம் என்று சேவல் பிரித்துச் சொல்லும்; முதற் சத்தத்துக்குப் பேடுகள் பற்றைக்குள் ஒதுங்கும், இரண்டாவதற்குக் கழுத்தை நீட்டி நிமிர்ந்து பார்க்கும். அந்தக் காவலுக்கு உங்கள் இளைய சேவல் போதும்.

மூத்ததற்கு வளவின் பின்பக்கத்தில் தனிப் பட்டி கட்டுங்கள். பனஞ்சிலாகை நான்கு, ஓர் ஆள் உயரத்துக்குக் கம்பிவலை, மேலே கிடுகு, உள்ளே இருக்க ஒரு கொப்பு, அவ்வளவுதான். தீனும் தண்ணீரும் வெளியிலிருந்தே வைக்கக்கூடியதாக ஒரு சிறு கதவு வையுங்கள். துணைக்கு வயதான ஒரு பேட்டை விட்டால் தனிமையில் ஏங்காது.

கதியால் (மானிப்பாய்):

மூத்ததை அகற்றினால் இளையது அடங்கியே இருக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், விடியற்காலையில் கூட்டத்தின் தலைமைச் சேவலே முதலில் கூவுகிறது, மற்றவை தத்தம் வரிசைப்படி அதன் பின்னரே கூவுகின்றன என்று காட்டினார்கள். தலைமைச் சேவலை எடுத்துவிட்டால் இரண்டாவது நின்றது முதலாவதாகக் கூவத் தொடங்குகிறது. பதவி வெற்றிடமாக இருப்பதில்லை.

ஏழாலைக் கிழவன்:

அது சரி, ஆனால் இளையது தாயோடு வளர்ந்ததாக இருந்தால் பேடுகளுக்குத்தான் தலைவனாகும். தங்கச்சி, அது எப்படி வளர்ந்தது?

மீசாலைப் பிள்ளையின் யோசனையை நானும் ஏற்கிறேன். தும்புத்தடி உங்களுக்குப் பலித்திருக்கிறது; அம்மாவுக்குப் பலிக்காது. 71 வயதில் ஒருவரைச் சேவலின் முன்னால் துணிந்து நடக்கப் பழக்குவதைவிட, நடுவில் ஒரு வலையைக் கட்டுவது நியாயமானது. நேர்த்தி மட்டும் இல்லாவிட்டால், என் வீட்டில் அது இந்நேரம் சட்டிக்குப் போயிருக்கும், அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. முதியவரையோ பிள்ளையையோ குத்திய சேவலுக்கு நான் இரண்டாம் தவணை கொடுத்ததில்லை.

வளவுக்காரி (இணுவில்):

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

மாமா வந்து பின்வளவில் பூவரச மரத்தின் கீழே பட்டி கட்டித் தந்தார். இரவில் கொப்பிலிருந்து தூக்கி, மேலே கரப்பைக் கவிழ்த்தபடி கொண்டுபோய் விட்டோம். முதல் இரண்டு நாள் வலையில் பாய்ந்து பாய்ந்து கொண்டையில் கீறல் வந்தது. கீழ்ப்பகுதியைப் பழைய சாக்கால் மறைத்த பின்பு ஓய்ந்தது. முட்டை இடுவதை நிறுத்திய கிழட்டுப் பேடு ஒன்று துணைக்கு நிற்கிறது. தபாற்காரர் இப்போது படலைக்குள் வருகிறார்.

கோயில் ஐயரிடம் அம்மாவே போய்ச் சொன்னார். வெள்ளித் தகட்டில் சிறு சேவல் உருச் செய்து உண்டியலில் போடுங்கள், உயிருள்ளதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மனம் ஆறிவிட்டது. ஆனாலும் அதை வெட்டும் பேச்சை எடுக்கவேண்டாம் என்கிறார். இந்த வீட்டில் அது முதுமையடைந்தே சாகும் போலிருக்கிறது.

மகன் நாலு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது பள்ளிக்கூடத்தால் வந்து வலைக்கு வெளியே ஒரு குற்றியில் குந்தியிருந்து வீட்டுப்பாடம் செய்கிறான். சேவல் உள்ளே அவனுக்கு நேரே வந்து நிற்கும். 11 முட்டையில் 8 பொரித்தன. குஞ்சுகளைக் கையில் எடுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். ஒன்றைத் தடவிப் பார்த்ததை நான் கண்டும் காணாததுபோல இருந்துவிட்டேன்.

ஏழாலை ஐயா, இளையது தாயோடு வளர்ந்ததுதான். கதியால் அவர்கள் எழுதியபடியே, மூத்ததை அகற்றிய மூன்றாம் நாள் விடியற்காலை அது முதலாவதாகக் கூவியது. பேடுகளோடு மட்டும் நிற்கிறது, எங்களை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆனால் நேற்று மாலை அம்மா தீன் போடும்போது அது ஒரு சிறகைச் சற்றுத் தாழ்த்தியதாக மகன் சொல்கிறான். பக்கத்தில் ஒரு பேடு நின்றதாம், அதற்காக ஆடியிருக்கலாம். நான் பார்க்கவில்லை. தும்புத்தடியைக் குசினி வாசலிலிருந்து இன்னும் எடுக்கவில்லை.